அறுபது படிதான் எங்கள் மலை

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டாக்காரர்களுக்கு மலை என்றால் சுவாமிமலைதான், அதுவும் கட்டுமலை, தமிழ் வருடங்களின் பேரில் 60 படி, ஏறி முடித்தால் மூச்சுகூட வாங்காது. அதனாலோ என்னவோ, 41 வயதில் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் “நடவு நட்டவளுக்கு நடை என்ன பெரிசு” என்றார். சரிதானே, சேற்றில் குனிந்தபடி பின்னாலேயே நகர்ந்து பொழுது முழுக்க நாற்று நட்ட இடுப்பு இது.

முதுகுப் பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் ஞாயிறுதோறும் திருச்சி மலைக்கோட்டை ஏறினேன். ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் முட்டி பேசும். அப்புறம் ஷூ. கடை கடையாக அலைந்தும் பெண்கள் அளவில் மலையேற்ற ஷூ கிடைக்கவில்லை, ஆண்கள் ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளித்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அழைத்துப் போனவர்கள் படிவத்தில் கணவர் கையெழுத்து கேட்டார்களே, அதுதான் எரிச்சல். கூட வந்த ஆண்களிடம் மனைவி கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

1975இல் எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஜுன்கோ தாபெய் ஒரு சின்னக் குழந்தைக்குத் தாய். வழியில் பனிச்சரிவில் புதைந்து, மீண்டு, 12 நாள் கழித்து உச்சியைத் தொட்டார். 1984இல் நம் பச்சேந்திரி பால். 2023இல் தமிழ்நாட்டிலிருந்து முத்தமிழ்ச்செல்வி. இன்னும் கையெழுத்தா?

மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்த தேனி மாவட்டக் குரங்கணியைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். 2018 மார்ச்சில் அங்கே எரிந்தது காடு, தீ ஆண் பெண் பார்ப்பதில்லை. எந்தப் பாதைக்கு எந்த மாதம் வனத்துறை அனுமதி, வழியில் கழிப்பறை உண்டா என்று உங்கள் நாளிதழில் போடுங்கள், எங்கள் தெருவில் இன்னும் நாலு பேர் கிளம்பக் காத்திருக்கிறார்கள்.

ஒரு வாசகி, பாபநாசம், தஞ்சை மாவட்டம்