பொருள்: டார்ச் வேலைக்கென்றே விற்ற பாலிசியில் கிளெய்மை இழுத்தடிப்பது பற்றி

கிளெய்ம் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து இதை நீங்களே படியுங்கள், மறுபடியும் கால் சென்டருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு கடையின் தட்டைக் கூரைக்குத் தார் ஷீட் ஒட்டினோம். கேஸ் பர்னரால் ஷீட்டின் அடிப்பக்கத்தை உருக்கி ஒட்டுவதுதான் டார்ச்-ஆன் வேலை, நெருப்பில்லாமல் அதைச் செய்ய வழியே கிடையாது. பக்கத்துக் கடையின் பழைய மரப்பலகைக்குள் சூடு ஏறி உள்ளேயே கனன்று அவர்களுடைய சீலிங் எரிந்துபோனது. உங்கள் பாலிசி கேட்கிறபடி தீயணைப்பான் பக்கத்திலேயே இருந்தது, வேலை முடிந்த பிறகும் பையன் ஒருவன் கூரையிலேயே காவல் இருந்தான், அவன் பார்த்ததால்தான் கடை முழுசாகப் போகவில்லை. படங்கள் எல்லாம் அனுப்பியாயிற்று.

இப்போது 'நெருப்பு வைத்துச் செய்யும் வேலைக்குக் கவர் இல்லை' என்கிறீர்கள். என் பாலிசியின் முதல் பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் 'கூரை வேலை, டார்ச்-ஆன் வாட்டர்புரூஃபிங்' என்று அச்சடித்தது யார்? அதற்காகத்தானே கூடுதல் பிரீமியம் வாங்கினீர்கள்? மாதம் பிறந்தால் என் பேங்க் கணக்கிலிருந்து பிரீமியத்துக்கான டெபிட் ஆர்டர் மட்டும் தவறாமல் போகிறது.

உங்கள் ஆட்களுக்கே உங்கள் பாலிசி தெரியவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவர் அரசு இன்சூரன்ஸ் கம்பெனியான சாஸ்ரியாவிடம் போகச் சொன்னார். சாஸ்ரியா கலவரத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் உள்ளது, 2021 ஜூலைக் கலவரத்தைப் பார்த்த டர்பன்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்னொரு அம்மா குட் ஸ்டாண்டிங் கடிதம் இல்லாமல் ஃபைலைத் திறக்க முடியாது என்றார். அது வேலையாட்களுக்குக் காயம் பட்டால் 1993 சட்டப்படி கொடுக்கும் இழப்பீடு சம்பந்தப்பட்டது. இங்கே என் ஆட்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, எரிந்தது அடுத்தவர் கடை. அடுத்தவருக்கு நேரும் இப்படிப்பட்ட சேதத்துக்குத்தான் பப்ளிக் லயபிலிட்டி கவர் எடுத்திருக்கிறேன். சரி, கேட்கிறார்களே என்று அந்தக் கடிதத்தையும் கொடுத்தேன்.

அப்புறம் உங்கள் உம்லங்கா ஆபீஸுக்கு வந்த அந்தப் பயணம். மிச்ச ஷீட்டையும் பர்னரையும் சேதத்தை மதிப்பிடும் அசெசர் நேரில் பார்க்க வேண்டும் என்று உங்கள் ஆபீஸிலிருந்துதான் கூப்பிட்டார்கள். நல்ல வெயில் நாள், கூரைக்காரனுக்கு மழையில்லாத நாள் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்தானே, ஆட்களைச் சும்மா உட்கார வைத்துவிட்டு வந்தேன். அசெசர் பைன்டவுனுக்குப் போய்விட்டாராம். மதியம் வரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, கிளெய்ம் ஃபைல் ஜோஹானஸ்பர்க்கில் இருக்கிறது, இங்கே எதற்கு வந்தாய் என்று அந்தக் கவுன்டர் பையன் கேட்டான். நீங்கள் கூப்பிட்டதால்தான் வந்தேன் தம்பி என்றேன். "உன் வேலை கூரையோடு, இன்சூரன்ஸை எங்களுக்குச் சொல்லித் தராதே" என்றான், சுற்றி இத்தனை பேர் கேட்க. என் மகன் வயதுகூட அவனுக்கு இருக்காது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் இதை நான் மறக்க மாட்டேன்.

பக்கத்துக் கடைக்காரர் வக்கீலிடம் போய்விட்டார். நல்ல மனுஷர், இத்தனை நாள் பொறுத்தார். பெரிய கான்ட்ராக்டர்களோ இன்சூரன்ஸ் உறுதிக் கடிதம் இல்லாமல் சைட்டுக்குள் விடுவதில்லை, அதையும் நீங்கள் தர மறுக்கிறீர்கள். உங்களால் என் தொழிலே அழிந்துவிட்டது, டர்பனில் இனி ஒருவரும் என்னை நம்பி ஏணி சாய்க்க விடமாட்டார்கள்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. கிளெய்மை ஏற்று அந்தக் கடைக்காரருக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள், என் பங்காகக் கட்ட வேண்டிய எக்செஸ் தொகையை நான் கட்டத் தயார். மறுப்பதானால் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள். காரணமும் எழுத்தில் வேண்டும், நான் ஆட்சேபிக்க 90 நாளும் தர வேண்டும் என்பது பாலிசிதாரர் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் தேசிய நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன், அந்தக் கவுன்டரில் நடந்ததையும் சேர்த்தே எழுதுவேன். பாலிசி நகல், படங்கள், கடைக்காரரின் வக்கீல் கடிதம் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. அந்தப் பையன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில்.

இப்படிக்கு,
கூரை ஒப்பந்ததாரர்,
சாட்ஸ்வர்த், டர்பன்