சிட்டத்தின் சீட்டில் உண்மையை எழுத விடுங்கள்: கண்காட்சித் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். இயற்கைச் சாயமிட்ட நூலும் கைப்பின்னல் ஆடைகளும் செய்யும் சிறு கூடம் ஒன்றை நடத்துகிறேன். இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு நாங்கள் அனுப்பிய நூல் சிட்டங்களை, அதாவது வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல் கட்டுகளை, திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். கூடவே வந்த குறிப்பில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒரே நிற எண்ணுள்ள சிட்டங்கள் நிறத்தில் ஒத்துவரவில்லை என்பது ஒன்று. 'ரசாயனம் அற்றது' என்ற சீட்டை நாங்கள் ஒட்டவில்லை என்பது மற்றொன்று.

அந்தச் சிட்டங்களை மீண்டும் பரிசீலியுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. கண்காட்சி முடிந்துவிட்டது. கேட்பது விதியைப் பற்றி. இந்த இரண்டு விதிகளையும் நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் ஒரே ஒரு விதியை வையுங்கள்: ஒவ்வொரு சிட்டத்தின் சீட்டிலும் எந்தச் சாயம், எந்த நிறமூன்றி (சாயத்தை இழையோடு பிணைக்கும் பொருள்), எந்தத் தொகுதி (எந்தத் தடவை சாயமிட்டது) என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திருப்பி அனுப்பியது ஒரு முழு ஸ்வெட்டருக்கு வேண்டிய சிவப்புக் கம்பளி நூல். மஞ்சிட்டி வேரில் சாயமிட்டது. நூலைச் சிட்டமாகச் சுற்றி, கலையாமல் இருக்க நாலைந்து இடத்தில் தளர்வாகக் கட்டுவோம். எண்ணெய்ப் பசை போக அலசுவோம். நூலின் எடையில் 10 முதல் 15 சதவீதம் படிகாரத்தைக் கரைத்து, அந்த நீரில் சிட்டங்களை மெல்லச் சூடேற்றி, அதிலேயே ஆற விடுவோம். அதற்குப் பிறகுதான் சாயத் தொட்டி. மஞ்சிட்டிக்குச் சூடு 70 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். அதைத் தாண்டிக் கொதி நிலைக்குப் போனால் வேரிலுள்ள பழுப்பும் இறங்கிச் சிவப்பு மங்கிவிடும். ஆகவே தெர்மாமீட்டரும் கையுமாக அடுப்படியிலேயே நிற்க வேண்டும். சிட்டங்களை வேகமாகக் கிளறவும் கூடாது. சூட்டில் அலைக்கழிந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்பட்டுவிடும். கிளறாமல் விட்டாலோ, கட்டுப் போட்ட இடங்களில் சாயம் ஏறாது. ஒவ்வொரு சிட்டமாகத் தூக்கி, திருப்பி, மறுபடி இறக்குவது ஒன்றுதான் வழி.

ஒரு ஸ்வெட்டருக்கான நூல் முழுவதும் எங்கள் தொட்டியில் ஒரே தடவையில் கொள்ளாது. ஒரே வேர்ப்பொடி, ஒரே தண்ணீர், ஒரே கைகள். ஆனாலும் இரண்டாம் தொட்டியில் வந்த சிவப்பு சற்றே செங்கல் பக்கம் சாய்ந்திருந்தது. அதை நாங்கள் மறைக்கவில்லை. 'இரண்டாம் தொட்டி' என்று சீட்டிலேயே எழுதியிருந்தோம். கைப்பின்னல் பழகிய எவருக்கும் இதற்கான வழி தெரியும். இரண்டு சிட்டங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதில் இரண்டு வரிசை, அதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தட்டையான ஒற்றைச் சிவப்பில் கிடைக்காத ஓர் ஆழமும் துணிக்கு வந்துவிடும். அப்படிப் பின்னிய மாதிரித் துண்டு ஒன்றை, காகிதத்தில் சுற்றி நூலால் கட்டி, சிட்டங்களோடு அனுப்பியிருந்தோம். அது நாங்கள் போட்ட முடிச்சு அவிழாமலே திரும்பி வந்தது.

நிராகரித்ததைவிட அந்த முடிச்சுதான் எனக்கு அதிகம் வலித்தது. பிரித்துப் பார்த்த பிறகு 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று நீங்கள் சொல்லியிருந்தால், அது உங்கள் உரிமை என்று ஏற்றுக்கொண்டிருப்பேன்.

ஆலையில் தயாராகும் பின்னல் நூலின் சீட்டைப் பாருங்கள். நிற எண்ணுக்குப் பக்கத்தில் தொகுதி எண்ணும் அச்சிட்டிருக்கும். கணினி அளந்து ஊற்றும் சாயத்திலும் தொகுதிக்குத் தொகுதி நிறம் கொஞ்சம் மாறும் என்பதால்தான், ஓர் ஆடைக்கு வேண்டிய நூலை ஒரே தொகுதியில் வாங்குங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆலைக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை வேரையும் பட்டையையும் நம்பித் தொழில் செய்பவர்களுக்கு ஏன் கிடையாது?

வேருக்குள் இருப்பது ஒரே ஒரு சாயப்பொருள் அல்ல. மஞ்சிட்டி இன வேர்களில் அலிசரின், பர்பூரின், மஞ்சிஸ்டின் என்று பல உண்டு. செடியின் வகை, வேரின் வயது, மண் எல்லாவற்றையும் பொறுத்து அவற்றின் விகிதம் மாறும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு ஒருவிதமாகத் துலங்கும். துளி இரும்பு கலந்திருந்தால் கறுத்துப்போகும். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் ஆய்வகத்தில் அலிசரினைச் செய்து காட்டியதும், ஒற்றைப் பொருளில் ஒற்றைச் சிவப்பை ஆலைகள் எடுக்கத் தொடங்கின. சில ஆண்டுகளிலேயே மஞ்சிட்டிச் சாகுபடி சரிந்தது. அந்த ஒற்றைச் சிவப்புதான் வேண்டுமென்றால் அதை வாங்கிக்கொள்ளலாம், அதில் குற்றமே இல்லை. ஆனால் 'இயற்கைச் சாயம்' என்று தனிப் பிரிவு வைத்து, அதற்குள் ஆலைச் சிவப்பின் சமச்சீரை எதிர்பார்ப்பது எங்கள் வேலையைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ளாமல் எங்களுக்கு மதிப்பெண் போடுவதாகும்.

அடுத்தது 'ரசாயனம் அற்றது' என்ற சீட்டு. இதை எழுதும்போது என்னால் கோபத்தை அடக்க முடியவில்லை; மன்னியுங்கள்.

படிகாரம் ரசாயனம்தான். பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட் என்பது அதன் பெயர். சாயத்தை இழையோடு பிணைத்து நிறுத்தும் நிறமூன்றி அது. அது இல்லாமல் மஞ்சிட்டியின் சிவப்பு கம்பளியில் உறுதியாக நிற்காது. அதைத் தொட்டியில் கரைத்த கையாலேயே 'ரசாயனம் அற்றது' என்ற சீட்டையும் ஒட்டச் சொல்கிறீர்கள். என்னால் முடியாது. என்னிடம் நூல் வாங்குகிறவர் அதைக் குழந்தைக்குத் தொப்பியாகப் பின்னுவார். அவருக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்.

இந்தச் சீட்டு எதை மறைக்கிறது என்பதையும் தயவுசெய்து யோசியுங்கள். நிறமூன்றிகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. படிகாரம் பலரும் நம்பிப் பயன்படுத்துவது. அன்னபேதி என்ற இரும்பு உப்பு நிறத்தைக் கறுக்கச் செய்யும். அளவு மீறினால் கம்பளியைச் சொரசொரப்பாக்கி நொறுங்க வைக்கும். மயில்துத்தம் என்ற செம்பு உப்பு கழிவுநீரில் கலந்தால் மீன்களுக்கு ஆகாது. பொட்டாசியம் டைகுரோமேட் இன்னும் மோசம். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. இதுவும் தலைமுறைகளாகக் கம்பளிச் சாயத்தில் புழங்கியதுதான். டைகுரோமேட் போட்டு, அதன்மேல் தாவரச் சாயம் ஏற்றிய நூலையும் 'இயற்கைச் சாயம்' என்று சொல்லிவிடலாம். உங்கள் விதிப்படி, அந்த நூலில் 'ரசாயனம் அற்றது' என்று ஒட்டியவர் உள்ளே வரலாம். 'நிறமூன்றி: படிகாரம்' என்று உள்ளதை உள்ளபடி எழுதியவருக்கு இடமில்லை. வாங்குகிறவருக்கு அவசியம் தெரிய வேண்டிய செய்தியை இந்த விதியே சீட்டிலிருந்து துடைத்துவிடுகிறது.

அவுரி நீலத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். அதற்கு நிறமூன்றி தேவையில்லை. காரமேற்றிய தொட்டியில், ஆக்சிஜன் நீங்கிய நிலையில் நீலம் கரைந்திருக்கும். நீர் மஞ்சள் கலந்த பச்சையாகவும், மேலே செம்பு மினுங்கும் படலமாகவும் இருக்கும். முக்கி எடுத்த சிட்டம் பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். நிறம் அழுத்தமாக வேண்டுமென்றால் மறுபடி மறுபடி முக்க வேண்டும். இந்த நீலம் இழைக்குள் வேதிப் பிணைப்போடு இருப்பதில்லை, நுண்துகள்களாகத் தங்கியிருக்கிறது. அதனால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். புது ஜீன்ஸ் பேண்ட்டைத் தேய்த்தாலும் ஒட்டும். எங்கள் நீலச் சிட்டத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு 'சாயம் போகிறது' என்று உங்கள் பரிசோதகர் குறித்திருந்தார். தேய்ப்புச் சோதனைக்கு 1 முதல் 5 வரை சாம்பல் அளவுகோல் இருக்கிறது, வெளிச்சத்தில் வெளுப்பதை அளக்க 1 முதல் 8 வரை நீலக் கம்பளி அளவுகோல் இருக்கிறது. எதன்படி அளந்தார் என்ற விவரம் குறிப்பில் இல்லை.

1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். வேதிப்பொருள் நிறுவனம் செயற்கையாகச் செய்த ஆலை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவும் அவுரியில் கிடைக்கும் நீலமும் ஒரே மூலக்கூறு. கண்ணால் பார்த்தோ துணியால் தேய்த்தோ எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. செய்தவர் சீட்டில் எழுத வேண்டும், கேட்டால் சாயம் வாங்கிய ரசீதைக் காட்ட வேண்டும். அதனால்தான் மீண்டும் கேட்கிறேன்: சாயம், நிறமூன்றி, தொகுதி. இந்த மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

மஞ்சள் கிழங்கில் சாயமிட்ட நூல் உங்கள் கண்காட்சியில் நிறைய விற்றதைப் பார்த்தேன். அழகான நிறம்தான். வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். 'சாயம்: மஞ்சள் கிழங்கு' என்று ஒரு வரி இருந்திருந்தால் வாங்கியவர்கள் தெரிந்தே வாங்கியிருப்பார்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. திறப்பு விழாவில் பேச எங்களைக் கூப்பிடுகிறீர்கள். பார்வையாளர்கள் படமெடுக்கச் சாயத் தொட்டியை ஆவி பறக்க வைக்கச் சொல்கிறீர்கள். பின்னல் வகுப்பை இலவசமாக எடுத்துத் தரச் சொல்கிறீர்கள். அதற்கெல்லாம் மறுத்ததே இல்லை. ஆனால் அதே கைகள் செய்த ஸ்வெட்டரை விலைக்கு வைத்தால், 'பொழுதுபோக்காகப் பின்னுவதுதானே, இவ்வளவு விலையா' என்ற கேள்வி உங்கள் அரங்கத்துக்குள்ளேயே எழுகிறது. ஒரு கண்ணி நழுவினால் கீழே அத்தனை வரிசையும் இறங்கிவிடும் வேலை இது. என்னோடு பின்னுகிறவர்கள் இதைத் தொழிலாகச் செய்கிறார்கள், இந்த வருமானத்தில் வீடு நடத்துகிறார்கள். அவர்களின் உழைப்பை நேரக் கணக்கில் வைத்துப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. சிட்டங்கள் திரும்பி வந்த அன்று அவர்களிடம் என்ன காரணம் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

மடல் தன் போக்கில் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நல்ல எண்ணத்தோடுதான் இந்த விதிகளை எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கலப்படக்காரர்களைத் தடுக்க வேண்டும், வாங்குகிறவர் ஏமாறக் கூடாது. எங்கள் எண்ணமும் அதுவேதான். எங்கள் கூடத்தில் இப்போது பயன்படுத்தும் சீட்டின் வாசகத்தைக் கீழே தருகிறேன். இதை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம்.

நூல்: கம்பளி. சாயம்: மஞ்சிட்டி வேர். நிறமூன்றி: படிகாரம். தொகுதி: இரண்டாம் தொட்டி, முதல் தொட்டிச் சிட்டத்தோடு மாற்றி மாற்றிப் பின்னவும். காரமில்லாத சோப்பில் அலசி நிழலில் உலர்த்தவும்.

அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போகும் முன் நிற ஒற்றுமை விதியையும் 'ரசாயனம் அற்றது' விதியையும் நீக்கி, சாயம், நிறமூன்றி, தொகுதி ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். குழுவில் இயற்கைச் சாயம் தெரிந்த ஒருவரையும் கைப்பின்னல் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. விளக்கம் வேண்டுமென்றால் தொட்டி, நூல், ரசீதுகளோடு உங்கள் கூட்டத்துக்கு நேரில் வருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு சிறு பின்னல், சாயக் கூடத்தின் பொறுப்பாளர்