புது க்யூ கேட்டு வருகிறவர்கள் பழையதையும் கொண்டுவாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் நம் கடையில் ஒரு மாற்றம். ஏற்கெனவே ஸ்நூக்கர் க்யூ (பந்தை அடிக்கும் கோல், கிளப்பில் ஸ்டிக் என்போமே, அதுதான்) வைத்திருப்பவர் இன்னொன்று கேட்டு வந்தால், "பழையதைக் கொண்டுவாருங்கள், முதலில் அதைப் பார்த்துவிடுவோம்" என்று சொல்லப்போகிறோம். "ஏன், விற்க மனசில்லையா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

போன வருடம் ஒரு தம்பி ஒன்பது மாதத்தில் மூன்று க்யூ வாங்கினார். முதலில் வாங்கியது 18 அவுன்ஸ் ஆஷ் மரம். இரண்டே மாதத்தில் "பந்து நான் நினைத்த இடத்துக்குப் போவதில்லை" என்று மேப்பிளுக்கு மாறினார். அப்புறம் எடை குறைவாக ஒன்று. அதையும் மாற்றக் கேட்டு வந்தபோதுதான் முதல் க்யூவை எடுத்துவரச் சொன்னோம். அதன் டிப் (நுனியில் ஒட்டியிருக்கும் தோல் துண்டு) காளான்போல ஓரத்தில் விரிந்து, உச்சி தட்டையாகி, கல்லாய் இறுகிக் கிடந்தது. டிப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். இன்றுவரை அந்த ஆஷ் க்யூவில்தான் ஆடுகிறார். முதல் முறை வந்தபோதே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விற்றது எங்கள் தவறு.

ஒன்பதரை மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தத் தோல் துண்டு ஒன்றுதான் பந்தைத் தொடுகிறது. அதன் உச்சி குவிந்திருந்தால்தான் பந்தின் ஓரத்தில் அடிக்கும்போது வழுக்காமல் பிடிக்கும். இறுகி வழவழப்பானால் அதில் பூசும் சாக் பொடி ஒட்டாது, ஸ்க்ரூ (வெள்ளைப் பந்து பின்னால் திரும்பி வரும்படி அதன் கீழ்ப்பகுதியில் அடிப்பது) அடிக்கும்போது சறுக்கும். பழி மொத்தமும் க்யூவின் மேல் விழும். புது டிப் போட்டாலும் பழக நாலைந்து நாள் ஆகும். அந்த நாலைந்து நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

சரி, டிப்பில் குறையில்லை என்றால் க்யூவை மாற்றலாமா? அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்வோம். வெள்ளைப் பந்தின் வலப்பக்கம் சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) கொடுத்து அடித்துப் பாருங்கள். பந்து நீங்கள் குறிவைத்த கோட்டிலேயே போகாது, கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கித்தான் கிளம்பும். எவ்வளவு ஒதுங்கும் என்பது பெரும்பாலும் க்யூவின் முன்பகுதி எடையைப் பொறுத்தது. டிப்பின் அகலம், ஃபெரூலின் (டிப்புக்கு அடியில் இருக்கும் வளையம்) கனம், நுனிப்பக்க மரத்தின் பருமன் எல்லாம் அந்த எடையில் சேரும். ஆடும்போது யாரும் இதைக் கணக்குப் போடுவதில்லை. ஆயிரக்கணக்கான அடிகளில் கண்ணும் கையும் தாமாகவே கற்றுக்கொள்கின்றன. க்யூவை மாற்றினால் அந்தப் பழக்கம் செல்லாது, திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. மாதத்துக்கு ஒன்று மாற்றுகிறவருக்கு எந்த க்யூவின் போக்கும் பிடிபடுவதில்லை.

ஸ்காட்லாந்து ஸ்நூக்கர் வீரர் ஸ்டீஃபன் ஹென்றி சிறுவயதில் 40 பவுண்டுக்கு வாங்கிய க்யூ ஒன்று இருந்தது. 1990 முதல் 1999 வரை அவர் வென்ற ஏழு உலகப் பட்டங்களும் அந்த ஒரே க்யூவில்தான். 2003-இல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. அதற்குப் பின்னும் அவர் 2005-இல் மால்ட்டா கோப்பையை வென்றார், 2006-இல் யுகே சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வரை வந்தார். ஆனால் உலகப் பட்டம் மட்டும் மறுபடி கிடைக்கவில்லை. க்யூ போனதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லமாட்டோம், வயதும் புதிய ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். எங்கள் மனதில் நிற்பது அந்த 40 பவுண்டுதான். விலை உயர்ந்த க்யூ இருந்தால்தான் ஆட்டம் வரும் என்று நினைத்து வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறோம்.

முதல் முறையாக வாங்குகிறவர்களுக்கு: விதிப்புத்தகம் க்யூவின் நீளம் 914 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, வழக்கமான வடிவம் மாறக்கூடாது என்பதோடு விட்டுவிடுகிறது. மீதி உங்கள் கைக்கு விட்டது. பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு 57, 58 அங்குலமும் 17 முதல் 19 அவுன்ஸும் சரியாக வரும். க்யூவை மேஜையில் உருட்டிப் பார்க்காதீர்கள், நேரான க்யூவும் உருளும்போது குதிப்பதுபோலத் தெரியும். பிடிப்பக்கம் கண்ணை வைத்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டே நுனிவரை பாருங்கள். பிறகு நடுவில் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைக் கைமுட்டியால் தட்டுங்கள். உள்ளே கிணுகிணுவென்று அதிர்ந்தால் ஃபெரூலோ இணைப்போ தளர்ந்திருக்கிறது.

ஆஷில் அம்புக்குறிபோல ரேகை ஓடும், மேப்பிள் வழவழவென்று இருக்கும். இரண்டில் எது மேல் என்ற வாதத்தில் நாங்கள் இறங்குவதில்லை. ஆனால் ஆஷ் வாங்கினால் ஒவ்வொரு அடிக்கும் அந்த அம்பு மேலே தெரியும்படி பிடியுங்கள். மரத்தில் லேசான வளைவு இருந்தாலும் எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால் கை அதற்குப் பழகிவிடும். அடிப்பக்கம் கருங்காலியா வேறு மரமா என்பது எடையையும் அழகையும் பொறுத்தது. பைக்கில் போகிறவர்கள் முக்கால் இணைப்பு க்யூ (அடிப்பக்கத்தில் கழற்றி இரண்டு துண்டாக்கக்கூடியது) வாங்குங்கள். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான ஒற்றைக் க்யூவை சென்னைப் போக்குவரத்தில் தோளில் மாட்டிக்கொண்டு போவது க்யூவுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

ஒரே க்யூவோடு இருக்க வேண்டுமானால் அது நேராக இருக்க வேண்டுமே. கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் சுவரில் சாய்த்து வைக்காமல் பெட்டியில் படுக்கவைத்துவிடுங்கள். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கை வியர்வையில் பிசுபிசுக்கிறது என்று தயவுசெய்து உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள்! தேய்க்கத் தேய்க்க மரம் மெலியும், அடி மாறும், பிறகு நாங்கள் என்ன செய்தாலும் அந்த மரம் திரும்ப வராது.

பழைய க்யூவைப் பார்த்துச் சொல்ல நாங்கள் காசு வாங்குவதில்லை, எங்களிடம் வாங்காததாக இருந்தாலும் சரி. டிப் மாற்ற வேண்டியிருந்தால் காலையில் கொடுத்து மாலையில் வாங்கிக்கொள்ளலாம். பார்த்தபிறகு உண்மையிலேயே புதிது தேவை என்று தெரிந்தால், பழையதன் எடையையும் நீளத்தையும் டிப் அளவையும் குறித்துக்கொண்டு அதற்கு மிக நெருக்கமானதைத் தேடி எடுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் க்யூ கடைக்காரர்கள்