குல்மார்க் போகும் பிள்ளைகளுக்காக

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்து நாலு நாளாகிறது. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் தேர்வை நன்றாகவே எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கு மழையில் முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறொன்றுமில்லை. உங்கள் இளைஞர் மன்றத்திலிருந்து 16 பிள்ளைகளைப் பனிச்சறுக்குப் பழகுவதற்குக் குல்மார்க் கூட்டிப்போகப் போவதாக எழுதியிருந்தாயே, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பனியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள். இது நல்லபடியாக நடக்க வேண்டும் என்ற அக்கறையில் சொல்கிறேன், உன் திட்டத்தில் மூன்றை மாற்று. கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகாதே. நாலு நாள் போதாது. கடைசி நாள் கொண்டோலா என்கிற கம்பிவட வண்டியில் உச்சிக்கு ஏறி அங்கிருந்து சறுக்கி இறங்குவது என்று போட்டிருப்பதை அடித்துவிடு.

முதலில் தேதி. காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாளைச் சில்லை கலான் என்பார்கள், கடுங்குளிர்க் காலம். குளிர் இருந்தாலே பனி விழுந்துவிடாது. மேற்கிலிருந்து ஈரக்காற்று வந்து சேர வேண்டும், அது சில வருஷம் தாமதிக்கிறது. 2024 ஜனவரியில் மாதக் கடைசிவரை குல்மார்க் சரிவுகள் காய்ந்து கிடந்தன. 2025இல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியையே பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதனால் பிப்ரவரி முதல் இரண்டு வாரத்தைக் குறி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அது செய்முறைத் தேர்வுக் காலம். அவர்களை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள். போகவும் வரவும் ஒவ்வொரு நாள் கூடுதலாகக் கையில் வை, ஏனென்றால் பனிநாட்களில் ஸ்ரீநகர் விமானம் ரத்தாவது சாதாரணம். 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, மாற்றுவழியாக அதை மனசில் வை. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். வழியில் உள்ள தங்மார்க் ஊருக்கு மேலே கடைசி 13 கிலோமீட்டரில் பனி கிடந்தால் டயருக்குச் சங்கிலி கட்டிய வண்டியோ நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியோதான் ஏறும். வண்டி பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசு, நடுவழியில் வண்டி மாற்றினால் 16 பேரின் மூட்டையையும் பனியில் இறக்கி ஏற்ற வேண்டிவரும்.

பனியில் குறைந்தது ஆறு நாள் வேண்டும். முதல் நாள் பூட்ஸோடு நடக்கவே போய்விடும். இரண்டாம் நாள் நிற்கப் பழகுவார்கள். மூன்றாம் நாள் தொடையும் இடுப்பும் வலித்து எல்லாரும் சோர்ந்திருப்பார்கள், அன்று மதியத்தோடு நிறுத்திவிடு. நாலாம் நாள்தான் உடம்புக்கு விஷயம் பிடிபட ஆரம்பிக்கும். நாலு நாளில் திரும்பினால் அந்த இடத்தில் பாதியில் விட்டுவிட்டு வருகிறாய். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. இப்போதே எழுதிக் கேள். தனி ஆசிரியர்களை அமர்த்தினால் ஓர் ஆசிரியருக்கு எட்டுப் பேருக்கு மேல் விடாதே, ஆறு இன்னும் நல்லது. எட்டுக்கு மேல் போனால் ஒரு பிள்ளை ஒரு முறை சறுக்க அரைமணி காத்து நிற்கும், அந்த அரைமணியில் கால் விறைத்துவிடும்.

இனி பூட்ஸ். பாதிப் பிள்ளைகள் இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொல்வது இதனால்தான், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். நம் செருப்புக்கடை எண் அங்கே உதவாது. பிள்ளையைச் சுவரில் குதிகால் ஒட்ட நிற்கவைத்து, காகிதத்தில் பெருவிரல் நுனிக்குக் கோடு போட்டு அள. 25.3 வந்தால் 25.5 கேட்க வேண்டும். வாடகைக் கடையில் அவசரத்துக்குப் பெரிய அளவைத் தூக்கிக் கொடுப்பார்கள், பிள்ளையும் வலிக்கவில்லையே என்று வாங்கிக்கொள்ளும். உள்ளே கால் ஆடினால் பூட்ஸில் மாட்டிய சறுக்குப் பலகை சொன்னபடி கேட்காது. அதைச் சரிக்கட்டப் பிள்ளை கொக்கியை இறுக்கும், இறுக்கினால் ரத்தம் ஓடாமல் விரல் மரத்துப்போகும். சரி பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. உள்மெத்தையைக் கழற்றிவிட்டு பூட்ஸின் வெறும் வெளி ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் தொடும்படி நின்றால் குதிகாலுக்குப் பின்னே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் போனால் பெரிது. மெத்தையோடு போட்டு நேராக நின்றால் விரல்நுனி முன்னால் லேசாக உரசும், முழங்காலை மடக்கினால் விலகிவிடும். அதுதான் சரியான அளவு. நேராக நிற்கும்போது உரசுகிறதே என்று மாற்றிக்கொண்டு வந்துவிடாதே.

ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை, முழங்கால்வரை. குளிருக்கு இரண்டு உறை போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளமாகும், இறுக்கத்தில் கால் முன்னைவிடக் குளிரும். பூட்ஸுக்குள் உறையைத் தவிர எதுவும் போகக்கூடாது. உள்கால்சட்டையின் விளிம்பு உள்ளே சிக்கினால் சாயங்காலம் கணைக்காலில் ரத்தம் கட்டியிருக்கும். மாட்டும் முறையும் முக்கியம். காலை விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்கு உட்காரவைத்து, முழங்காலை முன்னே மடக்கிக் கணுக்கால் பக்கத்துக் கொக்கியை முதலில் போட வேண்டும். பிறகு மேலே உள்ளது. விரல் பக்கத்துக் கொக்கி சும்மா பிடித்தால் போதும். இரவில் உள்மெத்தையைக் கழற்றிக் காயவை.

பலகை முகவாய் உயரம் இருக்கட்டும். நீளம் கூடினால் வேகம் கூடும், திருப்புவது கடினம். கையில் ஊன்றும் கோலைத் தலைகீழாகப் பிடித்து, நுனிக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்துக்குக் கீழே கை வைத்தால் முழங்கை நேர்கோணத்தில் மடங்க வேண்டும். பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்கை எவ்வளவு இறுக்குவது என்பதற்குக் கடைக்காரர் எடை, உயரம், வயது, பழக்கம் நாலையும் கேட்பார், பூட்ஸ் அடிநீளத்தையும் பார்ப்பார். கேட்காமல் மாட்டிக்கொடுத்தால் நீயே கேட்டுச் சரிசெய்யச் சொல். விழும்போது பலகை கழன்றுவிடத்தான் அந்த அமைப்பு. அதிகம் இறுக்கினால் கழலாது, பலகை ஒரு பக்கம் முறுக, முழங்கால் தசைநார் கிழியும். பிள்ளைகள் வெட்கப்பட்டு எடையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாமல் பார்த்துக்கொள். மாட்டுமுன் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைக் கோல்நுனியால் சுரண்டிவிட வேண்டும். பனி இருந்தால் கொக்கி விழுந்தது போலச் சத்தம் கேட்கும், பத்தடி போனதும் கழன்றுவிடும். சரிவில் நிற்கும்போது பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, பள்ளத்துப் பக்கக் காலை முதலில் மாட்டச் சொல்.

கற்கும் வரிசையை ஆசிரியர் பார்த்துக்கொள்வார், ஆனாலும் நீ தெரிந்துவைத்திரு. ஒற்றைப் பலகையில் சமதரை நடை, பக்கவாட்டில் படி ஏறுவது, விழுந்து எழுவது, பிறகு அடியில் நீண்ட சமதரை உள்ள சின்னச் சரிவில் நேராகச் சறுக்குவது. அதற்குப் பின்தான் ஸ்னோ ப்ளவ். பலகைகளின் முன்முனைகள் ஒரு சாண் இடைவெளியில் நெருங்கியும் பின்முனைகள் நன்றாக விலகியும் நிற்க, இரண்டு பெருவிரல் பக்க விளிம்பும் பனியைக் கடிக்க வேண்டும். அகட்டினால் வேகம் குறையும், நெருக்கினால் கூடும். ஒரு பிள்ளை சொன்ன இடத்தில் நிற்க முடிகிறவரை அதைத் திருப்பம் பழக விடாதே, மேல்சரிவுக்கும் அனுப்பாதே. இதை நீ ஆசிரியரிடம் முதல் நாளே பேசிவிடு.

எல்லாத் தப்புக்கும் தாய்த்தப்பு ஒன்று உண்டு. சரிவைப் பார்த்துப் பயந்ததும் உடம்பு தானாகப் பின்னுக்குச் சாயும். சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியை விட்டுத் தளர்ந்துவிடும், பிடிமானம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பிடி போனதும் வேகம் கூடும், கூடியதும் இன்னும் சாய்வார்கள். ‘முன்னால் சாய்’ என்று கத்தினால் இடுப்பை மட்டும் வளைப்பார்கள், பிட்டம் பின்னாலேயே நிற்கும். ‘கணைக்கால் பூட்ஸ் நாக்கை அழுத்துகிறதா?’ என்று கேள். கை இரண்டும் தட்டு ஏந்துவதுபோல முன்னால் இருக்கட்டும், பார்வை பலகை மேல் இல்லாமல் போகிற இடத்தில் இருக்கட்டும். திருப்பத்தில் இன்னொரு சிக்கல் வரும், சைக்கிள் பழக்கம். சைக்கிளில் வலப்பக்கம் திரும்ப வலப்பக்கம் சாய்கிறோம். இங்கே வலப்பக்கம் திரும்ப இடதுகாலை அழுத்த வேண்டும். சைக்கிள் நன்றாக ஓட்டுகிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், ஒரு கால் விளிம்பில் நிற்க மற்றது தட்டையாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

விழுவது உறுதியானால் மேட்டுப் பக்கமாகச் சரிந்து உட்காரட்டும். பின்னால் விழுந்துகொண்டே எழ முயல்வதில்தான் முழங்கால் போகிறது. கோலின் வாரை முதல் இரண்டு நாள் கையில் மாட்ட வேண்டாம். கோலைப் பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் பின்னுக்கு மடங்கித் தசைநார் பிய்ந்துபோகும். எழும்போது இரண்டு பலகையையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கே இணையாக வைத்து, மேட்டுப்பக்கக் கையை ஊன்றி எழ வேண்டும். மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால் ஒரு பலகையைக் கழற்றிவிடு. பிள்ளையின் தெம்பை அங்கே வீணாக்காதே. சரிவில் மேலே இழுத்துப்போகும் இழுவை லிஃப்டில் உட்காரக்கூடாது, நின்றபடியே இழுபட வேண்டும். விழுந்தால் பிடியை விட்டுவிட்டு உடனே தடத்திலிருந்து உருண்டாவது விலக வேண்டும், பின்னால் அடுத்தவர் வந்துகொண்டிருப்பார். கீழே போகிறவருக்கே வழி, மேலிருந்து வருபவர்தான் ஒதுங்க வேண்டும். இதைப் பேருந்திலேயே சொல்லிக்கொடு.

கொண்டோலா பற்றி. குல்மார்க் 2,650 மீட்டர். முதல் கட்டம் கொங்டூரிக்குச் சுமார் 3,050 மீட்டர், இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர். உச்சியிலிருந்து இறங்கும் சரிவு தேர்ந்தவர்களுக்கானது, பனிச்சரிவு ஏற்படும் இடம். 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் அந்த மலையில் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள், பழகியவர்களே. ஆறு நாள் பழகிய பிள்ளைக்கு ஊர் ஓரத்துப் புல்வெளிச் சரிவே போதும், அழகும் அங்கேயே இருக்கிறது. ஆசையாக இருந்தால் பலகை இல்லாமல் முதல் கட்டம்வரை ஏறிப் பார்த்துவிட்டு அதிலேயே இறங்கி வாருங்கள்.

உடுப்பில் பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், நின்ற நேரத்தில் உடம்பைக் குளிர்விக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம். உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே நீர் புகாத சட்டையும் கால்சட்டையும். கையுறை இரண்டு ஜோடி, ஏனென்றால் விழுந்து எழும் பிள்ளைக்கு மதியத்துக்குள் ஒன்று நனைந்துவிடும். ஹெல்மெட் எல்லாருக்கும். மேகமாக இருந்தாலும் கருப்புக் கண்ணாடியைக் கழற்ற விடாதே. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும், இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல எரியும். தாவாய்க்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவச் சொல். மாலை மூன்றரைக்கு மேல் ‘கடைசியாக ஒரு தடவை’ என்று கேட்டால் கொடுக்காதே. மதியம் இளகிய பனி நிழல் விழுந்ததும் இறுகிவிடும், கால் அசந்திருக்கும், அடிபடும் நேரம் அது.

அறையில் புகாரி என்கிற கணப்பு அடுப்போ காங்கிரி என்கிற தணல்சட்டியோ வைத்தால் கதவை ஒட்ட அடைத்துக்கொண்டு தூங்கக்கூடாது. மரக்கரி புகையில்லாமலே கொல்லும். ஒரு பெரியவர் இரவு பத்து மணிக்கு ஒவ்வோர் அறையாகப் போய் அடுப்பை அணைத்து, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்கட்டும். இங்கத்திய ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

கிளம்ப இன்னும் பத்து வாரம் இருக்கிறது. இன்றிலிருந்து வாரத்துக்கு நாலு நாள், முதுகைச் சுவரில் ஒட்டி நாற்காலியில் இருப்பதுபோல அரை நிமிஷம், மூன்று முறை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 15 விநாடி கூட்டு. மொட்டைமாடிப் படியை ஏறி இறங்கட்டும், இறங்குவதில் கவனம் வை, பனியில் வேலை செய்வது அந்தத் தசைதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எல்லாரையும் கூட்டிக் காகிதத்தில் கால் அளந்துவிடு. இரண்டு காலையும் அள, பெரியதைக் குறி. பெயர் வேண்டாம், வரிசை எண் போட்டுப் பாத நீளம், உயரம், எடை மட்டும் எழுதி அனுப்பு. யாருக்கு எந்த அளவு பூட்ஸ், எவ்வளவு நீளப் பலகை என்று வரிசையாகக் குறித்து அடுத்த கடிதத்தில் திருப்பி அனுப்புகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்