பசியில் கரையும் நட்சத்திர மீன்

ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டுக் கடல்நீர்த் தொட்டி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், மணலைக் கிளறும் நட்சத்திர மீன் ஒன்றை விட்டால் தொட்டியின் அடி தானே சுத்தமாகிவிடும் என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி வாங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் செத்துப்போகும்.

ஆஸ்ட்ரோபெக்டன் என்கிற இந்த வகை வேட்டையாடி. மணலுக்குள் இருக்கும் குட்டிச் சிப்பி, நத்தை, புழு எல்லாவற்றையும் முழுசாக விழுங்கும். அதன் குழாய்க்கால்களில் உறிஞ்சி கிடையாது, வெறும் கூர்முனைதான். கண்ணாடியில் ஏறிப் பாசி மேயாது. மணலில் உள்ள உயிர் தீர்ந்தால் சோறு தீர்ந்தது.

ஆகவே 4 அடி நீளம், 2 அடி அகலம், 400 லிட்டர் இல்லாத தொட்டிக்கு இது வேண்டாம். அதிலும் ஒன்றே ஒன்று. சர்க்கரை போல நைசான மணல் 8 செ.மீ. உயரத்துக்கு வேண்டும், சுமார் 85 கிலோ பிடிக்கும். பாறையை முதலில் அடிக்கண்ணாடியில் உட்கார வைத்துவிட்டு மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் வைத்த பாறைக்கு அடியில் இது குழி பறித்துக்கொண்டு போனால், பாறை சரிந்து அதன் மேலேயே விழும். தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகட்டும். கண்ணாடியோரம் மணலுக்குள் நூல் நூலாகப் புழுத் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பொறுங்கள்.

நம் மாவட்டத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கும் கடல்நீரையே ஊற்றுகிறார்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். கோடையில் தினம் 5 லிட்டர் இப்படி ஊற்றினால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 10 நாளில் 39-ஐத் தாண்டும். உடம்பின் உப்பைச் சரிக்கட்டிக்கொள்ளும் வசதி இந்த உயிருக்கு இல்லை. ஆவியானதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரும் ஆகாது. வாடைக்கால மழைக்குப் பிறகு வடகடலில் (பாக் விரிகுடா) எடுக்கும் நீரில் உப்பு குறைந்திருக்கும், அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

வாங்கி வந்ததும் தொட்டியில் கவிழ்க்கக் கூடாது. வாளியில் பையின் தண்ணீரோடு வைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் டியூபால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக 3 மணி நேரம் இறக்குங்கள். அந்த டியூபின் உருளைத் திருகு இதற்கென்றே செய்தது போல இருக்கும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மயில்துத்தம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் போடவே கூடாது. அதிலுள்ள செம்பு மணலிலும் பாறையிலும் ஏறிக்கொண்டு, பிறகு விடுவதையும் கொல்லும்.

பட்டினி முதலில் நட்சத்திர மீனின் கை நுனியில் தெரியும். நுனி மழுங்கி, ஓரத்து முட்கள் உதிர்ந்து, உள்ளிருந்து வெள்ளையாகக் கசியும். அந்தக் கட்டத்தில் மீள்வது அரிது. அதற்கு முன்பே, வாரம் இரண்டு முறை, விளக்கை அணைத்தபின் பட்டாணி அளவு மட்டிச் சதையையோ இறால் துண்டையோ நீளக் குச்சியால் அதன் கைக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். விளக்குப் போட்டபடி கொடுத்தால் மீன்கள் பிடுங்கிக்கொள்ளும்.

நான்கைந்து நாள் கண்ணில் படாவிட்டால் மணலைக் கையால் தடவித் தேடுங்கள். புதைந்தபடியே செத்தால் அம்மோனியா ஏறி, மறுநாள் மீன்களும் மிதக்கும். தேடும்போது ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள், 8 செ.மீ. மணலை மொத்தமாகக் கலக்கினால் அடியில் தேங்கிய கறுப்பு, முட்டை அழுகிய நாற்றத்தோடு மேலே வரும். அதுவும் நஞ்சுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்