கோவில் திடலில் பையன்கள் நின்றால் என்ன குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பீடோங் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கிறேன். அண்மையில் எங்கள் கோவில் கூட்டத்தில், இரவு எட்டு மணிக்கு மேல் இளையோர் திடலில் கூடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். "இன்னிக்குப் பந்து விளையாடுவானுங்க, நாளைக்குக் குண்டர் கும்பல்ல சேருவானுங்க" என்றார் ஒரு பெரியவர். பலரும் தலையாட்டினார்கள்.

திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தலில் ஐஸ் கட்டி சுமந்ததும் இதே பையன்கள்தான். அன்னதானத்துக்கு இரவெல்லாம் வெங்காயம் உரித்தார்கள். மறுநாள் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள். வேலை இருந்தால் தம்பி, முடிந்தால் ரௌடியா?

பதினைந்து வயதுப் பையன் மினி மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் கடைக்காரர் பின்னாலேயே வருகிறார். வகுப்பில் பின்வரிசைக்குப் போனவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பெண் பிள்ளை கைப்பேசியை எடுத்தாலே "யாரோட பேசுற?" என்று விசாரணை.

1968இல் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில், குலுக்கல் போலப் பொறுக்கிய சில பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் இவ்வாண்டு நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே முன்னேறினார்கள். அந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. சரி, இருக்கட்டும். எப்போதும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிற பிள்ளை எப்படி வளரும் என்று யோசிக்க நமக்கு ஆய்வா வேண்டும்?

கும்பல்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், தே தாரிக் என்னும் ஆற்றிய தேநீர் வாங்கித் தருகிறான், மோட்டார் சைக்கிளை ஓட்டக் கொடுக்கிறான். அதற்கான கூலியைப் பிறகு கறந்துவிடுவான். சேராத பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. 2022இல் சுகாதார அமைச்சு மாணவர்களிடையே நடத்திய ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு தெரிந்தது.

பக்கத்து வீடுகளுக்குச் சத்தம் தொல்லைதான், மறுக்கவில்லை. பத்து மணியோடு நிறுத்தச் சொன்னால் கேட்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரையும் அழைக்கவில்லையே! அடுத்த முறை நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மிஞ்சிப் போனால் ஒரு வலையும் திடலுக்கு இன்னொரு விளக்கும் கேட்பார்கள்.

வாசகி,
பீடோங், கெடா