இண்டியானாபோலிஸிலிருந்து தம்பிக்கு: கிரிட்டீரியம் ஓட்டுவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் அப்பாவும் நலம்தானே? இங்கே மார்ச் பிறந்தும் குளிர் விட்டபாடில்லை.

நீ அமெரிக்காவுக்குப் படிக்க வந்தால் இங்கே காலேஜில் சைக்கிள் ரேஸ் உண்டா என்று கேட்டிருந்தாய். நன்றாகவே உண்டு. கூடைப்பந்து மாதிரி காலேஜ் விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ நடத்துவதல்ல, நாட்டின் சைக்கிள் பந்தய அமைப்பான யூஎஸ்ஏ சைக்கிளிங் நடத்துவது. படிப்பு தொடங்கியதும் டிராக், மலைச் சைக்கிள்; குளிரில் சேறு, புல், தடைகள் நிறைந்த சுற்றில் ஓட்டும் சைக்ளோகிராஸ்; ரோடு ரேஸ் வசந்தத்தில். 1899இல் உலகச் சாம்பியனான கறுப்பின வீரர் மேஜர் டெய்லர் பெயரில் 1982இல் கட்டிய வெலோட்ரோம், அதாவது டிராக் ரேஸுக்கான சாய்வான வட்டப் பாதை, இந்த ஊரில்தான் இருக்கிறது. வளைவில் 28 டிகிரி சாய்வு. அதைப் பார்த்துப் பயப்படாதே, மெதுவாகப் போனால்தான் அங்கே வழுக்கும்.

நீ முதலில் திணறப்போவது கிரிட்டீரியத்தில். நாலு தெருவை மறித்து ஒரு கிலோமீட்டர் சுற்று, அதையே 40, 50 நிமிடம். முன்னால் போகிறவன் பிரேக் தொடாமல் வளைவான். முப்பதாவது ஆள், முன்னால் உள்ளவர்கள் நெருக்குவதால் பிரேக் பிடித்து, வளைந்தபின் எழுந்து மிதித்து இடைவெளியை அடைக்க வேண்டும். நாலு வளைவு, முப்பது சுற்று என்றால் 120 தடவை. வால்பக்கம் பதுங்கினால் களைப்பு மிச்சம் என்று நினைப்பவர்கள்தான் முதலில் கழன்றுபோகிறார்கள். முதல் பத்துப் பேருக்குள் இரு.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, உள்ளே போனபின் பிரேக்கைத் தொடாதே. வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை முழுக்க அதன்மேல், கை ஹேண்டில்பாரின் கீழ்வளைவில். சாய்ந்த நிலையில் மிதித்தால் உள்பெடல் தரையில் இடித்துத் தூக்கிப் போடும். 28 மி.மீ. டயருக்கு உன் 65 கிலோவுக்குக் காற்றழுத்தம் 70 பிஎஸ்ஐ போதும். காற்றைக் கல்லாக அடித்தால் மேடுபள்ளத்தில் துள்ளிப் பிடி விட்டுவிடும். மழை என்றால் இன்னும் 5 குறை. வெள்ளைக் கோட்டிலும் சாக்கடை மூடியிலும் ஏறாதே.

பஞ்சரானாலோ விழுந்தாலோ ஒரு சுற்று இலவசம், அதாவது அந்தச் சுற்றை ஓட்டாமல் விட்டாலும் பின்தங்கியதாகக் கணக்கில்லை. வீல் வைத்திருக்கும் இடத்துக்குப் போய் நடுவரிடம் காட்டினால், நீ இருந்த கூட்டத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். சரியாக முடுக்காத நட்டு கழன்றதற்குக் கிடையாது. அது உன் தப்பு. கடைசி 8 கிலோமீட்டரிலும் கிடையாது. நடுவில் மணி அடித்தால் அடுத்த சுற்றில் முதலில் வருபவனுக்குத் தனிப் பரிசு. அதைப் பார்த்து எல்லாச் சக்தியையும் கொட்டிவிடாதே.

நாலு பேர் அணியாகச் சேர்ந்து நேரத்துக்கு எதிராக ஓட்டும் டைம் டிரையலில் மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் கணக்கு. பலசாலி முன்னுக்கு வந்ததும் வேகத்தை ஏற்றுவான், பின்னால் இருப்பவன் அறுந்துபோவான். அப்படிச் செய்யக் கூடாது. அதே வேகத்தில் அதிக நேரம் முன்னால் நிற்பதுதான் அவன் வேலை.

எண் தாளை எந்த இடுப்பில் குத்துவது என்று பதிவு செய்யும்போதே கேள். முடிவுக் கோட்டில் கேமரா இருக்கும் பக்கம் எண் தெரிய வேண்டும். எட்டு ஊக்கு போடு, காற்றில் படபடக்கக் கூடாது. ஹேண்டில்பார் முனை இரண்டிலும் அடைப்பான் இருக்கிறதா பார். ஹெல்மெட் மட்டும் அங்கே வாங்கி வராதே. உள்ளே சிபிஎஸ்சி (அமெரிக்க அரசின் பாதுகாப்புத் தரம்) ஸ்டிக்கர் இல்லாததைப் போட்டுக்கொண்டு இங்கே ரேஸில் நிற்க முடியாது.

அன்புடன்,
அண்ணன்